வலியைக் கேட்டேன், தேதியைக் கேட்கவில்லை: ஒரு ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் கேஸ்

சிங்கப்பூரில் முன்னங்கால் வலிக்கு சீசன் உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் ஆரம்பித்து டிசம்பர் மாரத்தான் வரை ஒன்று. இன்னொன்று தேசிய சேவை முடித்த ஆண்களுடையது. ஐபிபிடி என்கிற ராணுவ உடற்தகுதித் தேர்வின் தேதி நெருங்கும்போதுதான் அந்த 2.4 கிலோமீட்டர் ஞாபகத்துக்கு வரும், மூன்று மாதத்தில் ஓட வேண்டியதை மூன்று வாரத்தில் ஓடிவிட்டு நொண்டிக்கொண்டு வருவார்கள். பதினெட்டு வருடமாக பிசியோ வேலை பார்க்கிறேன், நானும் ஓடுகிறவள், என் காலும் இந்த வலியைப் பார்த்திருக்கிறது. அதனாலேயே ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் என்று சொல்லிக்கொண்டு யாராவது உள்ளே வந்தால், தெரிந்த கதைதானே என்று ஒரு அலட்சியம் மனசுக்குள் எட்டிப் பார்க்கும். இந்தக் கேஸை எழுத உட்கார்ந்ததற்கு அந்த அலட்சியம்தான் காரணம். சம்பந்தப்பட்டவர் முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டு "போடுங்க அக்கா" என்றார். அவர் யார் என்று காட்டிக்கொடுக்கும் விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

முதல் நாள்

2025, பொங்கல் முடிந்த வாரம். வயது 31, தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியை, வீடு பிடோக் பக்கம். கூடவே அம்மாவும் வந்திருந்தார்.

"அக்கா, ஓட ஆரம்பிச்சதும் வலிக்குது. பத்து நிமிஷம் போனா மறைஞ்சிடுது. வீட்டுக்கு வந்து சோபால உக்காந்து எந்திரிச்சா மறுபடி வந்துடுது. அப்படித்தான் இருந்துச்சு. இப்ப ஒரு மாசமா மறையவே மாட்டேங்குது, ஸ்கூல்ல மூணு மாடி ஏறி இறங்குனாலே சாயங்காலம் கால் கடுக்குது."

எங்கே வலி என்று காட்டச் சொன்னேன். முன்னங்கால் வலிக்காரர்களிடம் நான் முதலில் கவனிப்பது வாயை அல்ல, கையை. உள்ளங்கையால் எலும்பின் உள்விளிம்பை மேலும் கீழுமாகத் தடவிக் காட்டினால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. ஒற்றை விரலால் ஒரு புள்ளியைத் தொட்டு 'இங்கதான்' என்றால் நிமிர்ந்து உட்காருவேன். இவர் தடவித்தான் காட்டினார். இரண்டு காலிலும், வலதில் கூடுதல்.

வீட்டில் எல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அம்மா தினமும் கோடாலித் தைலம் தேய்த்திருக்கிறார். இறுக்கமான கால் உறை, ஐஸ், கெண்டைக்காலுக்கு உருளை, கடைக்காரர் 'பஞ்சு மாதிரி இருக்கும்' என்று விற்ற புதுக் காலணி. கடைசி இரண்டு வாரம் ஓடப் போவதற்கு முன்னால் வலி மாத்திரை வேறு. அந்த மாத்திரைதான் எனக்குப் பிடிக்கவில்லை. வலியை அணைத்துவிட்டு எலும்பின் மேல் ஓடுவது, புகை எச்சரிக்கை மணியின் பேட்டரியைக் கழற்றிவிட்டு சமைப்பது மாதிரி.

கைக்கடிகாரச் செயலியைத் திறந்து வாரக் கணக்கைப் பார்த்தோம். ஆகஸ்ட்டில் தொடங்கியபோது வாரம் 6 கிலோமீட்டர். அக்டோபரில் 15. நவம்பரில் 20, அப்போதுதான் வலியின் முதல் அறிகுறி. டிசம்பர் தொடக்கத்தில் பத்து கிலோமீட்டர் போட்டியை ஓடி முடித்துவிட்டார். பதக்கம் கழுத்தில் ஏறியதும் அடுத்து அரை மாரத்தான் என்று தோழிகளோடு முடிவு செய்து, டிசம்பர் கடைசி வாரம் 34. விடுமுறையாம், நேரம் இருந்ததாம். பிடோக் நீர்த்தேக்கத்தை ஒரு சுற்று வந்தால் 4.3 கிலோமீட்டர். ஒரு சுற்று ஓடிக்கொண்டிருந்தவர் இரண்டு சுற்று, சில நாள் இரண்டரைச் சுற்று.

அதே டிசம்பர் 25 அன்று இன்னொன்றும் ஆரம்பித்திருக்கிறது. பிப்ரவரி 11 தைப்பூசம். பால்குடம் எடுப்பதாக வேண்டுதல், 48 நாள் விரதம். பகலில் பால், பழம், இரவில் ஒரு வேளை சாப்பாடு. அதாவது ஓட்டம் ஏறிய அதே வாரத்தில் சாப்பாடு இறங்கியிருக்கிறது. இதை நோட்டில் எழுதிக்கொண்டேன், அடிக்கோடும் போட்டேன்.

மாதவிடாய் சரியாக வருகிறதா என்று கேட்டேன். ஓடும் பெண்களிடம் கேட்க வேண்டிய வழக்கமான கேள்வி. அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "கொஞ்சம் தள்ளிப் போயிருக்கு மா. நல்லதுதான், முருகன் பாத்துக்கிட்டான், பூசத்தன்னிக்குத் தடங்கல் இருக்காது." மகளும் சிரித்தார், நானும் சிரித்தேன். கோயில் காரியத்துக்கு முன்னால் காலண்டரைப் பார்த்துக் கவலைப்படாத தமிழ் வீடு உண்டா? 'தாமதம்' என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

கையால் பார்த்தது

வலது காலில் முன்னெலும்பின், அதாவது டிபியாவின், உள்விளிம்பில் கீழ் மூன்றில் ஒரு பங்கில் தொடர்ச்சியாக 9 சென்டிமீட்டருக்கு அழுத்தினால் வலி. இடதில் 6. இந்த நீளம் முக்கியம். விளிம்போடு 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பரவிய வலி, ஓடினால் வருவது, ஓய்வில் குறைவது என்றால் அதைத்தான் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ் என்கிறோம். அதன் முறையான பெயர் மீடியல் டிபியல் ஸ்ட்ரெஸ் சிண்ட்ரோம். பெரும்பாலும் இதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டியதில்லை, காது கொடுத்துக் கேட்பதும் விரலால் தொட்டுப் பார்ப்பதும் போதும். ஐந்துக்குக் குறைவாக, காசு அளவு இடத்தில் சுருக்கென்று இருந்தால் எலும்பில் அழுத்த முறிவு இருக்கிறதா என்று யோசிக்க வேண்டும்.

மற்ற சந்தேகங்களையும் தாண்டினோம். ஓடும்போது குறிப்பிட்ட நிமிடத்தில் கால் கல்லாக இறுகி, பாதம் மரத்து, நின்றதும் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறதா? இல்லை. அப்படி இருந்தால் தசைப் பெட்டிக்குள் அழுத்தம் ஏறுகிற வேறு கோளாறு, வேறு வைத்தியம். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி? இல்லை. ஒற்றைக் காலில் பத்து முறை குதிக்கச் சொன்னேன். மந்தமான, பரவிய வலி, குத்தல் இல்லை.

அப்புறம் என்னை நிறுத்தியது ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்கும் சோதனை. ஓடுகிறவர்களிடம் 25 எதிர்பார்ப்பேன். வலதில் 13-லேயே நடுங்க ஆரம்பித்துவிட்டது, இடதில் 18. முழங்காலை மடக்கிக்கொண்டு செய்தால் இன்னும் மோசம். மடக்கிச் செய்யும்போது வேலை செய்வது சோலியஸ், கெண்டைக்கால் சதைக்கு அடியில் பதுங்கியிருக்கும் அகலத் தசை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல் 6 முதல் 8 மடங்கு வரை விசையைக் கொடுப்பது அதுதான். அது சோர்ந்தால் எலும்பு வளைகிற வளைவைத் தாங்கிப் பிடிக்க ஆளில்லை.

ஆம், எலும்பு வளைகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆனால் ஒவ்வொரு அடிக்கும். நெடுநாளாக இந்த வலியை எலும்பின் மேலுறை அழற்சி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம், தசை இழுத்து இழுத்து உறை புண்ணாகிறது என்று. அந்த இழுப்புக்கும் பங்கு உண்டுதான். ஆனால் ஸ்வீடனில் 2001-இல் வலியுள்ள விளையாட்டாளர்களை அளந்து பார்த்தபோது வலிக்கிற இடத்தில் எலும்பின் அடர்த்தியே குறைந்திருந்தது; தேறிய பிறகு அது திரும்பி வந்ததை 2003-இல் காட்டினார்கள். ஆக, உறை மட்டுமல்ல, உள்ளே எலும்பே சம்பந்தப்பட்டது.

இதை நோயாளிகளிடம் விளக்க நான் ரெனவேஷனைத்தான் இழுப்பேன், வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிற யாருக்கும் புரியும். புது மார்பிள் போட வேண்டுமென்றால் முதலில் பழைய தரையை உடைக்க வேண்டும். ஹேக்கிங் ஆட்கள் வந்து டமார் டமார் என்று உடைப்பார்கள், அப்புறம்தான் பதிக்கிற ஆட்கள் வருவார்கள், அவர்கள் மெதுவாகத்தான் செய்வார்கள். எலும்பும் அப்படியே. ஓட்டம் கூடினால் 'இதைவிட உறுதியான எலும்பு வேண்டும்' என்று உடம்புக்குச் செய்தி போகிறது. முதலில் பழைய எலும்பைத் தின்னும் செல்கள் இறங்குகின்றன, பிறகு கட்டுகிற செல்கள். ஒரு சுற்று முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். உடைத்துப் போட்டு இன்னும் பதிக்காத அந்த இடைவெளியில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கிறது. அதே சமயம் இதயமும் மூச்சும் ஐந்தாறு வாரத்திலேயே தேறிவிடுகின்றன. ஓடுகிறவருக்கு மூச்சு வாங்கவில்லை, 'நான் ஃபிட்டாகிவிட்டேன்' என்று தூரத்தைக் கூட்டுகிறார், கீழே பாதி உடைத்த தரை. இந்தக் கால வித்தியாசம்தான் ஷின் ஸ்ப்ளின்ட்ஸ். காலணியும் தரையும் பாத வளைவும் இரண்டாம் பட்சம் என்பது என் அபிப்பிராயம். இவருக்குப் பாதம் நன்றாகவே உள்ளே சரிகிறது, அது ஒரு காரணம் என்று பல ஆய்வுகளும் சொல்கின்றன. ஆனால் அதே பாதத்தோடுதான் அவர் அக்டோபர் வரை வலியில்லாமல் ஓடினார்.

பால்குடத்துக்குத் தயாராவது

திட்டத்தில் அதிசயம் எதுவும் இல்லை. ஓட்டம் நிறுத்தம், வலி மாத்திரை நிறுத்தம், எலும்பு விளிம்பில் அழுத்தித் தேய்ப்பது நிறுத்தம் (தைலம் வேண்டுமானால் மெதுவாகத் தடவலாம், அம்மாவின் கையை ஏன் தடுக்க வேண்டும்). மூச்சுக்கு நீச்சல்குளத்தில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் ஓட்டம், வாரம் மூன்று நாள். கெண்டைக்காலுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் குதிகால் தூக்கும் பயிற்சி, நின்றபடி ஒன்று, நாற்காலியில் உட்கார்ந்து முழங்கால் மேல் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்துக்கொண்டு ஒன்று. அரிசிப் பை என்றதும் அம்மாவுக்கு என் மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

ஷாக்வேவ் (அதிர்வலை) சிகிச்சை எடுக்கலாமா என்று மகள் கேட்டார். ஆதாரம் இரு பக்கமும் இருக்கிறது, முதல் வேலை அது அல்ல என்றேன். இந்த வலிக்கு மந்திரக்கோல் கிடையாது. 2012-இல் வந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் 74 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். எல்லாருக்கும் படிப்படியான ஓட்டத் திட்டம். ஒரு குழுவுக்கு அதோடு நீட்டல், வலுப் பயிற்சி. இன்னொன்றுக்கு இறுக்கமான கால் உறை. தொடர்ந்து 18 நிமிடம் ஓடுவது இலக்கு. மூன்று குழுக்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் தேறின, சராசரியாக நூறு நாளுக்கு மேல். அந்த நூறைக் கேட்டதும் ஆசிரியையின் முகம் விழுந்துவிட்டது. அப்படியானால் பூசம்?

சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை, மூன்று நான்கு கிலோமீட்டர், வெறுங்காலில், தார் ரோட்டில், தலையில் குடம். நான் படித்த பாடப்புத்தகம் எதிலும் இது இல்லை. 'இந்த வருடம் வேண்டாம்' என்று சொல்லிவிடுவது எனக்குச் சுலபம், ஆனால் அப்படிச் சொன்னால் அவர் எனக்குத் தெரியாமல் போவார், தயாராகாமல் போவார். வேண்டுதலை பிசியோ ரத்து செய்ய முடியாது. சரி, இதையும் ஒரு ஓட்டப் போட்டியாக நினைத்துக்கொள்வோம், பயிற்சி கொடுப்போம் என்று முடிவு செய்தேன்.

ஜனவரி கடைசி வாரத்தில் இருந்து வீட்டு வாசல் நடைபாதையில் வெறுங்காலோடு நடை. முதல் நாள் பத்து நிமிடம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்து ஐந்தாகக் கூட்டினோம். நடக்கும்போது பத்துக்கு இரண்டைத் தாண்டாத வலி இருக்கலாம், மறுநாள் காலை படுக்கையில் இருந்து இறங்கும்போது பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும்; வரவில்லை என்றால் ஒரு படி கீழே. அரை மணி நேரம் தாண்டியதும் குடத்தையும் சேர்த்தோம், உள்ளே தண்ணீர், மூன்று கிலோ இருக்கும். ஒன்பதாவது மாடியில் இரவு பத்து மணிக்கு ஒரு பெண் தலையில் பித்தளைக் குடத்தோடு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பதைப் பார்த்து எதிர்வீட்டுச் சீனப் பாட்டி கதவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே போட்டுக் கொடுத்தாராம், களைத்தால் உட்காரு என்று. அதற்கப்புறம் பாட்டியும் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

தைப்பூசம் இங்கே பொதுவிடுமுறை இல்லையே, அதனால் நள்ளிரவை ஒட்டிப் புறப்படும் பால்குடக் கூட்டத்தோடு போனார். நடந்ததைவிட வரிசையில் நின்றதுதான் கஷ்டம் என்றார். வலி இரண்டு. மறுநாள் வலித்தது கெண்டைச் சதை, எலும்பு விளிம்பு அல்ல. கிளினிக்கில் எனக்கு ஒரே பெருமை.

எங்கே சறுக்கினேன்

பிப்ரவரி 24 அன்று ஓட்டத்தைத் திரும்ப ஆரம்பித்தோம். ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, எட்டு முறை, வாரம் மூன்று நாள், இரண்டு ஓட்டத்துக்கு நடுவே ஒரு நாளாவது இடைவெளி. நிமிடத்துக்கு 154 ஆக இருந்த அடிகளை 164 ஆக்கினோம். அடி சிறிதானால் ஒவ்வொரு அடியிலும் காலுக்கு வரும் சுமை குறையும் என்பதற்காக. மார்ச் 10 மறுபரிசோதனை. அழுத்தினால் வலி இல்லை. குதிகால் தூக்கல் வலது 22, இடது 24. குதித்தால் வலி இல்லை. அட்டவணையில் இரண்டு படியைத் தாண்டி, தொடர்ந்து பதினைந்து நிமிடம் ஓடலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் சொன்னதைத்தான் செய்தார். இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வலி திரும்பினால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது 'எக்ஸ்ட்ரா ஓடினீங்களா?' என்றுதான். மார்ச் பள்ளி விடுமுறையின் கடைசியில் வந்தார். கடிகாரத்தில் எல்லாம் பதினைந்து, பதினைந்து, பதினைந்து. எங்கே வலி என்றேன். இந்த முறை ஆள்காட்டி விரல். வலது முன்னெலும்பின் உள்விளிம்பில், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, ஐம்பது காசு அளவு இடம். இரவில் புரண்டு படுத்தால் விண் விண் என்கிறது. ஒரு தடவை குதித்தவர் இரண்டாவது தடவை குதிக்க மாட்டேன் என்றார்.

விளையாட்டு மருத்துவரிடம் அனுப்பினேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஆரம்பத்தில் பெரும்பாலும் தெரியாது, எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று நிம்மதியாகி ஓடப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். எம்ஆர்ஐயில் எலும்பின் மேலுறையிலும் உள்ளே மஜ்ஜையிலும் நீர்க்கோர்வை. முறிவுக் கோடு இல்லை. முறிவுக்குப் போகிற வழியில் பாதியில் பிடித்துவிட்டோம்.

அன்று மாலை அவர் ஃபைலை முதலில் இருந்து படித்தேன். கிலோமீட்டர் இருக்கிறது, சென்டிமீட்டர் இருக்கிறது, அடி எண்ணிக்கை இருக்கிறது. ஜனவரி பக்கத்தில் 'விரதம்' அடிக்கோட்டோடு. அதற்குக் கீழே 'தாமதம்'. அதற்குப் பிறகு இரண்டைப் பற்றியும் ஒரு வரி கிடையாது. பூசம் முடிந்துவிட்டது, விரதமும் முடிந்துவிட்டது, சாப்பாடு பழையபடி ஆகியிருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

அடுத்த சந்திப்புக்குத் தனியாக வரச் சொன்னேன். கடைசியாக எப்போது வந்தது?

"டிசம்பர் முதல் வாரம் அக்கா. ரேஸ் அன்னிக்கு."

மார்ச் கடைசியில் உட்கார்ந்திருக்கிறோம். கிட்டத்தட்ட நான்கு மாதம். அப்புறம் மற்றதெல்லாம் தானாக வந்தது. விரதத்தில் நாலு கிலோ குறைந்தது, பள்ளியில் எல்லாரும் மெலிந்துவிட்டீர்கள் என்று சொல்லச் சொல்ல சந்தோஷமாக இருந்தது, சைவத்தை விட்டாலும் ஒரு வேளைச் சாப்பாட்டை விட மனசில்லை. காலையில் கோப்பி, மத்தியானம் இரண்டு பிஸ்கட், இரவுதான் சோறு. அதோடு தண்ணீருக்குள் ஓட்டம், குதிகால் பயிற்சி, இப்போது தரையில் ஓட்டமும். என் திட்டத்தை ஒன்று விடாமல் செய்திருக்கிறார், வெறும் வயிற்றில்.

ரெனவேஷனுக்கே திரும்புகிறேன். உடைக்கிற ஆட்களைக் கட்டுக்குள் வைக்கிற மேஸ்திரி ஈஸ்ட்ரோஜன். சாப்பிடுவதும் செலவழிப்பதும் ஒத்துப்போகவில்லை என்றால் உடம்பு அவசரமில்லாத செலவை முதலில் வெட்டும், அதில் மாதவிடாய் ஒன்று, எலும்பு கட்டுவது இன்னொன்று. மேஸ்திரி வரவில்லை, உடைக்கிறவர்கள் உடைத்துக்கொண்டே இருக்கிறார்கள், பதிக்கிறவர்களுக்கு சிமெண்டும் இல்லை. சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்கு 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்தது, விளையாட்டில் ஆற்றல் பற்றாக்குறை. ஒலிம்பிக் என்றதும் பெரிய வீராங்கனைகளுக்கு வருவது என்று தோன்றும். வாரம் மூன்று நாள் நீர்த்தேக்கத்தைச் சுற்றுகிறவருக்கும் வரும். ஆண்களுக்கும் வரும், அவர்களிடம் கேட்க தேதி ஒன்று இல்லை என்பதுதான் வித்தியாசம்.

விரதத்தைக் குறை சொல்ல மாட்டேன். 48 நாள் விரதம் இருந்து ஓடாமல் இருந்தால் எலும்புக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டு 34 கிலோமீட்டர் ஓடியிருந்தால் ஷின் ஸ்ப்ளின்ட்ஸோடு நின்றிருக்கும். முருகன் மேலும் பழி இல்லை. ஜனவரியில் அம்மா சொன்னது ஒரு நோய்க்குறி, அது பிரசாதம் மாதிரி இலையில் வைத்து நீட்டப்பட்டது, நான் சிரித்துக்கொண்டே வாங்கி ஓரமாக வைத்துவிட்டேன். அம்மா எதிரில் மேற்கொண்டு கேட்கக் கூச்சப்பட்டேன். பதினெட்டு வருட அனுபவம் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள்.

இரண்டாவது தடவை

பலதுறை மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை செய்தார்கள். கர்ப்பம் இல்லை, தைராய்டு சரி. வைட்டமின் டி மட்டும் மிகக் குறைவு. வெயில் கொட்டும் ஊரில் எப்படி என்று அம்மாவுக்கு ஆச்சரியம். சூரியன் ஏழு மணிக்கு எழுகிற ஊரில் ஐந்தரைக்கு ஓடி முடித்துவிட்டு, நாள் முழுக்க வகுப்பறையில் இருந்தால் வெயில் எங்கே படும்? நம் நிறத்துக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வேறு வேண்டும். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், உணவியல் நிபுணரிடமும் அனுப்பினார். அந்த அம்மையார் கலோரி அட்டவணை எதையும் நீட்டவில்லை. காலையில் முட்டையோடு ரொட்டி, பத்தரை இடைவேளையில் தயிர்சாதமோ தௌக்வாவோ (சோயா கட்டி) ஒரு டப்பா, ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது வயிற்றில் விழ வேண்டும், வாரத்தில் சில நாள் நெத்திலி முள்ளோடு. பத்தரை டப்பாவை அம்மா எடுத்துக்கொண்டார், அவருடைய வைராக்கியத்துக்கு அது சரியான வேலை.

எட்டு வாரம் ஓட்டமே இல்லை. முதல் மூன்று வாரம் நடையையும் குறைத்தோம், வகுப்புகளைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக் கொடுக்கப் பள்ளி ஒத்துக்கொண்டது. வலியில்லாமல் நடக்க முடிந்த பிறகு குதிகால் பயிற்சி, இந்த முறை சமூக உடற்பயிற்சிக் கூடத்தில் எடை கூட்டி. ஜூன் மாதம் விடுமுறையில் மறுபடி அதே ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. அட்டவணையில் ஒரு படிகூடத் தாண்டவில்லை. ஒவ்வொரு படியிலும் இரண்டு வாரம். அவருக்கு அலுப்பு, எனக்கும் அலுப்பு. ஒவ்வொரு சந்திப்பிலும் நான் கேட்ட வரிசை மாறிவிட்டது: முதலில் சாப்பாடு, அடுத்து தூக்கம், அடுத்து தேதி, கடைசியில்தான் வலி. ஜூன் கடைசியில் வந்தது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பினார், கூடவே முருகன் ஸ்டிக்கர்.

எடை மூன்று கிலோ கூடியது. அது சிரமமான பேச்சு. 'மறுபடியும் போட்டுட்டீங்களே டீச்சர்' என்று ஒருவர் சொன்ன அன்றைக்கு அழுதுகொண்டே வந்தார். நான் சொன்ன எதுவும் அன்று உதவவில்லை. குதிகாலைத் தூக்கச் சொன்னேன், வலதில் 29 வந்தது, அது கொஞ்சம் உதவியது.

அக்டோபர் கடைசி ஞாயிறு பிடோக் நீர்த்தேக்கத்தை நிற்காமல் ஒரு முழுச் சுற்று. 33 நிமிடம். மறுநாள் விளிம்பை அழுத்திப் பார்த்தேன், இரண்டு காலிலும் ஒன்றும் இல்லை. செவ்வாய்க்கிழமையும் இல்லை. அந்த வாரக் கடைசியில் போன் வந்தது, அடுத்த வருட அரை மாரத்தானுக்குப் பதிவு தொடங்கிவிட்டதாம், தோழிகள் எல்லாரும் போடுகிறார்களாம், போடட்டுமா?

கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டேன்.

தேதியைச் சொன்னார். அதற்கு முந்தைய மாதத்தையும் கேட்காமலேயே சொன்னார்.